ஏறக் கூடாத குதிரை

நான்யுகி, கென்யா
5-5-1993

அன்புள்ள முத்துமணிக்கு,

பிரவீணா எழுதிக்கொள்வது. நான், அக்கா, அம்மா மூன்று பேரும் முழுசாக வந்து சேர்ந்தோம். வந்ததிலிருந்து பிளந்த வாயை நான் இன்னும் மூடவில்லை. இந்த ஊர் ஈ எல்லாம் என் வாயைப் புதுசாகத் திறந்த லாட்ஜ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

லாட்ஜ் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. இங்கே வேலை பார்க்கிற சுப்புராஜ் மாமா "எங்க லாட்ஜுக்கு வந்து தங்குங்க"ன்னு எழுதினபோது எங்க அப்பா வத்தல் கடையில் மூட்டைக்கு மூட்டை குதித்தாரே, பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு லாட்ஜில தங்குறதான்னு. அவர் மனசில் இருந்தது நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயிண்டு உதிர்ந்து நிற்குமே, அந்த மாடி. இங்கே மாடியே கிடையாது. மேலே ஓலைக் கூரை, கீழே கித்தான் கூடாரம், கூடாரத்துக்குள்ளே கட்டில், கண்ணாடி, கக்கூஸ்! படுக்கப் போனால் போர்வைக்குள் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், குளிருக்காம். அக்கா காலில் அது பட்டதும் "ஏதோ உசிரோட இருக்குடி"ன்னு கத்தினாள் பார், வெளியே மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரை எல்லாம் ஓடியே போய்விட்டன. (வரி கட்டாத வரிக்குதிரை. எங்க அப்பா கட்சி.)

வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள், குழந்தை குட்டிகளோடு வாங்க, குதிரையில் ஏறிக் காட்டைச் சுற்றிப் பாருங்க என்று. வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருவார்களாம். இது மழைக் காலம், அதனால் பேரப் பிள்ளைகளோடு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா மட்டும்தான். மற்ற கூடாரங்களில் யாரும் இல்லை.

அடுத்த அதிர்ச்சி சஃபாரி. நம்ம ஊரில் சஃபாரி என்றால் கல்யாண வீட்டுக்குக் கவுன்சிலர் போட்டு வரும் ஒரே கலர் சட்டை பேண்டு. அம்மா அதை நம்பி மாமாவுக்குச் சாம்பல் கலரில் ஒரு செட் தைத்துக் கொண்டுவந்தாள். இங்கே சஃபாரி என்றால் மிருகங்களை வேடிக்கை பார்க்கப் போவதாம். மாமா பாவம், ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். மிருகங்கள் அவரை வேடிக்கை பார்த்தன.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஏமாற்றம் கேள். இது ஆப்பிரிக்காவே இல்லைடி, திருச்சுழி! அதே கரிசல் மண், அதே உடைமரம், அதே முள். அம்மா ஜீப்பில் இருந்து இறங்கி ஒரு கை மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு நாளு ரயிலு, அப்புறம் பிளேனு? இங்க பருத்தி நல்லா வருமே"ன்னு சொன்னாள். வித்தியாசம் என்னவென்றால் நம்ம ஊர் உடைமரத்துக்கு மேலே காக்காய் தெரியும். இங்கே ஒட்டகச்சிவிங்கி தலை தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற மாதிரியே.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் லீவுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். உனக்கு மட்டும் நிஜம். தீபலட்சுமி அக்காவை மாமாவுக்குப் பேசி முடிக்கத்தான் வந்தோம். மாமா கடைசியாக நம்ம ஊருக்கு வந்து ஏழு வருசம் ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்து அம்மா எழுதினாலே மாமா இங்கே நல்ல மழை என்று பதில் எழுதுவார். இந்த வருசம் அவராகவே, "அக்கா, ஒரு தடவை நீங்க எல்லாரும் இங்க வந்து பாருங்க"ன்னு எழுதி டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். "தம்பிக்கு வாய் திறந்து கேக்க வெக்கம், அதான் சுத்தி வளைக்கிறான்"ன்னு அம்மா பட்டுச்சேலை, மஞ்சள், தாம்பாளம் வரைக்கும் பெட்டியில் அடுக்கிவிட்டாள். அப்பாவுக்கு வத்தல் சீசன், வரவில்லை. அக்கா சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வந்த முதல் நாளே ஒரு இடி. மாமா எங்களை எதிர்கொண்டு வந்தது குதிரை மேலே. அம்மா கையில் இருந்த பை பொத்தென்று விழுந்தது. உங்க வீட்டுச் சாமி சௌடம்மன், உனக்கு இது தெரிந்திருக்காது. எங்க குலசாமி திருச்சுழிக் காட்டில் இருக்கிற அய்யனார். எங்க குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தாலும், மருமகள் வந்தாலும், அவுக பேரில் ஒரு மண் குதிரை செய்து, புரவி எடுப்புத் திருவிழா அன்றைக்குக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். என் குதிரை அங்கே நிற்கிறது, என்னை மாதிரியே மூக்கு சப்பை. மாமாவின் குதிரைக்கு ஒரு காது உடைந்திருக்கும். சாமி வாகனம் என்பதால் உசிருள்ள குதிரையில் நாங்கள் யாரும் ஏறக் கூடாது. பொருட்காட்சி ராட்டினத்தில் மரக்குதிரையில்கூட அம்மா என்னை ஏற விடமாட்டாள், அன்னத்தில்தான் உட்கார்த்தி வைப்பாள். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வந்து இறங்கினால்? "ஊருக்குக் கூட்டிட்டுப் போயி முதல் வேலையா பரிகாரம் பண்ணணும்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.

நான் சும்மா இருப்பேனா? தமிழில் வணக்கத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வெள்ளைக்காரத் தாத்தா கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலையில் எங்க அம்மாவைக் கண்டால் பக்தியாகக் கை கூப்பி "போடி வெங்காயம்" என்கிறார். எனக்குத் தொடை முழுக்கக் கிள்ளின தடம். லாயத்தில் ஒரு குட்டிப் பொண்ணும் என் மாணவி. வெள்ளைக்காரர்களைக் குதிரையில் கூட்டிப் போகிற வஞ்சிரு என்கிற பொம்பளையின் மகள். (வஞ்சிரம் மீன் இல்லை, வஞ்சிரு.) அஞ்சு வயசுதான் இருக்கும், எதைச் சொன்னாலும் டக்குன்னு பிடித்துக்கொள்கிறது. வாழைப்பழத்தில் 'ழ' எனக்கே வராது, அதற்கு வருகிறது!

வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்றைக்கு அம்மா பேச்சை எடுக்கப் போகிறாள். அக்காவுக்காகச் சாமி கும்பிட்டுக்கோ. என்னன்னு வேண்டிக்கணும் என்று அவளிடமே கேட்டேன். "எதையாவது"ன்னு சொன்னாள்.

உன்,
பிரவீணா

(பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் நல்லதாக இருந்தால் மட்டும் எழுது.)


நான்யுகி
8-5-1993

முத்துமணி,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். அவசரமாகக் கிறுக்குகிறேன், கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

நேற்று மத்தியானம், சாப்பிடுகிற இடத்தில் அம்மா தாம்பாளத்தை வைத்தாள். பட்டுச்சேலை, வெத்தலை, மஞ்சள். மாமாவை எதிரே உட்கார வைத்து, "தம்பி, அக்கா ஒரு முடிவோடதான் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள். மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து லாயத்துக் குட்டிப் பொண்ணு சேற்றுக் காலோடு உள்ளே ஓடி வந்தது. மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெளிவாக, "அப்பா, பசிக்குது" என்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா விரல் தானாகவே என் தொடையைத் தேடி வந்தது. "நல்ல காரியம் பேசுற நேரத்துலயாடி உன் வெளாட்டு? யாரை யாரு அப்பான்னு சொல்லச் சொல்லிக்குடுத்திருக்க?" என்று கிள்ளின கிள்ளில் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அய்யனார் சத்தியமா நான் இல்லைம்மா என்றேன். நான் சத்தியம் பண்ணினால் யார் நம்புவார்கள்? அக்காகூட நம்பவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உண்மை பேசுகிறேன், அதற்கு இந்தக் கூலி.

அப்போது மாமா தலையைக் குனிந்தபடியே சொன்னார், "அவ சொல்லிக்குடுக்கலைக்கா. நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

வாசலில் பார்த்தால் அந்த வஞ்சிரு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார். இத்தனை நாள் எங்களுக்குக் குதிரையைக் காட்டினது யார் தெரியுமா? என் அத்தை! வெங்காயம், வாழைப்பழம் என்று நான் பாடம் நடத்தினேனே, அது என் மாமா மகள்! எனக்கு மதினி முறை! நான் என்னமோ பெரிய வாத்தியார் மாதிரி பெருமைப்பட்டேன், அது தொட்டிலில் இருந்தே தமிழ் கேட்கிற பிள்ளை. உங்க வீட்டில் நீங்க உள்ளே கன்னடம், வெளியே தமிழ் பேசுவீங்களே, அது மாதிரி அது அம்மாகிட்ட ஒரு பாஷை, அப்பாகிட்ட ஒரு பாஷை. எங்களுக்குத் தெரியும் முன்னால் நாங்கள் இருக்கும்போது அப்பான்னு கூப்பிடாதே என்று மாமா சொல்லி வைத்திருந்தாராம். பசி வந்ததும் பிள்ளை மறந்துவிட்டது.

மூக்கைப் பார்த்தேன். எங்க அம்மா மூக்கு. இத்தனை நாள் என் கண் எங்கே போயிருந்தது?

மாமா சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கேயே பதிவுக் கல்யாணம். எழுத வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தாராம், பேனா மழையைத் தாண்டிப் போகவில்லையாம். நேரில் பார்த்தால் அம்மாவுக்கு மனசு இளகும் என்றுதான் வரச் சொன்னாராம். பிள்ளை பேர் என்னன்னு அம்மா கேட்டாள். சந்தனம் என்றார் மாமா. எங்க அம்மா பேரு! மாமா தவழ்கிற வயசில் அவர்களுடைய அம்மா போய்விட்டார்கள். எங்க அம்மாதான் அஞ்சாம் வகுப்போடு நின்று, இடுப்பை விட்டு இறக்காமல் அவரை வளர்த்தாள். அந்த நன்றிக்கு வைத்த பேர். ஆனால் அம்மா கேட்டது என்ன தெரியுமா? "செத்தவுக பேரைத்தானலே பிள்ளைக்கு வைப்பாக? நான் எப்பலே செத்தேன்?"

எனக்கு ஜோக்கே வரவில்லை.

அம்மா தாம்பாளத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். உடனே ஊருக்குப் போக வேண்டும் என்றாள். பிளேனுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அது வரைக்கும் இவன் சோறு வேண்டாம் என்று, மாமாவுக்காகக் கொண்டுவந்த காரச்சேவைத் தின்று பச்சைத் தண்ணி குடிக்கிறாள். இன்னொன்றும் சொன்னாள், அதைத்தான் நினைத்து நினைத்துப் பதறுகிறேன். இனி எனக்குத் தம்பி கிடையாது, ஊருக்குப் போனதும் கோயிலில் நிற்கிற அவன் குதிரையைத் தூக்கிக் கண்மாய்க்குள்ளே போடுகிறேன் என்றாள். எங்க சனத்தில் அப்படிச் செய்தால் அந்த ஆள் பிறக்கவே இல்லை என்று அர்த்தம்டி. மாமாவும் கூடாரத்துக்கு வெளியே நின்று அதைக் கேட்டார். மழையில் அப்படியே நின்றார்.

அக்கா மட்டும் நேற்று ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவா, "அப்ப நான் பி.எட். சேரலாம்ல?" என்றாள். எதையாவதுன்னு வேண்டச் சொன்னது இதைத்தான் போல. இந்த வீட்டில் யார் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அப்பா கடைப் பக்கம் போனால் சும்மா சிரித்துவிட்டு வந்துவிடு. வாயைத் திறக்காதே.

பிரவீணா


நான்யுகி
14-5-1993

என் அருமை முத்துமணிக்கு,

உட்கார்ந்து படி. இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

புதன்கிழமை காலையில் கண் விழித்தால் அம்மாவையும் காணோம், அம்மா பையையும் காணோம். ஓடிப் போய் எல்லாரையும் கேட்டோம். வெள்ளைக்காரத் தாத்தாதான் சொன்னார், வாசல் கேட் பக்கம் அம்மாவைப் பார்த்தேன், வழக்கம் போல வணக்கம் சொன்னேன், இன்றைக்குத்தான் பதில் சொன்னார்கள் என்று. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த மாதிரி சொல்லிக் காட்டினார்: "போறேன்."

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அம்மா என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? நம்ம காட்டில் ஒத்தையடிப் பாதை ஒன்று இருந்தால் அது கண்மாய்க்குப் போகும். கண்மாய்க் கரையைத் தாண்டினால் ஊரு. ஊருன்னா ஒரு டீக்கடை, டீக்கடைன்னா பஸ்ஸு. அதே கரிசல், அதே உடைமரம், எங்கே போய்விடப் போகிறது என்று ஒரு பாதையைப் பிடித்து நடந்துவிட்டாள். பாதை கண்மாய்க்குத்தான் போகிறது. ஆனால் அதைப் போட்டது ஆடு மாடு இல்லை, யானை!

ஜீப் கரிசலில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. மழை பெய்த கரிசலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மாமா குதிரையில் ஏறி ரோட்டுப் பக்கம் பறந்தார். வஞ்சிரு அத்தை மட்டும் கேட்டுக்கு வெளியே குனிந்து தரையைப் பார்த்தார். அம்மாவின் ரப்பர் செருப்புத் தடம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன பூட்ஸ் தடம். பிள்ளை பின்னாலேயே போயிருக்கிறது! அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கத்தவில்லை. ரெண்டு குதிரைகளைக் கொண்டுவந்து, ஒன்றைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் பேச ஒரு வாய் வேண்டுமே, அது அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த என் வாய்தான்.

சப்பை மூக்குக் குதிரையை நினைத்துக்கொண்டேன். அய்யனாரே, இது இரவல் குதிரை, என்னுது அங்கதான் நிக்குது, கோச்சுக்காத என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டேன். அது கிழட்டுக் குதிரை, அத்தை தன் குதிரையில் இருந்தபடியே அதன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இங்கே உடைமரத்தில் முள்ளுக்கு அடியில் உருண்டை உருண்டையாக இருக்கும், காற்று அடித்தால் விசில் சத்தம் வரும். வந்த அன்றைக்கு, சினிமா கொட்டகையே தோத்துது என்று சிரித்தேன். இப்போது அந்த விசில் என்னைக் கொன்றது.

பள்ளத்தில் தண்ணீர் தெரிந்தது. யானைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, குட்டியும் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு பெரிய புற்று. புற்றுக்குப் பின்னால் எங்க அம்மா. இடுப்பில் பிள்ளை, பிள்ளையைச் சுற்றி முந்தானை. பிள்ளை தன் விரலை எடுத்து எங்க அம்மா உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது, பேசாதே என்று. இத்தனை வருசத்தில் எங்க அம்மாவை வாயை மூட வைத்த முதல் ஆள் அதுதான்டி!

அத்தை சத்தமில்லாமல் பக்கத்தில் போய்த் தன் குதிரையை நிறுத்தி இறங்கினார். ரெண்டு கையையும் கோத்துப் படி மாதிரி நீட்டி, ஏறுங்க என்று கண்ணால் சொன்னார். அம்மா குதிரையைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். இடுப்பில் இருக்கிறதைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கையில் காலை வைத்தாள்.

எங்க அம்மா, குதிரை மேலே! முன்னால் பிள்ளை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க அய்யனாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளை அவள் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தது. அத்தை ரெண்டு குதிரையின் கயிற்றையும் பிடித்து முன்னால் நடந்தார். அவருடைய ஒரு பூட்ஸைக் கரிசல் விழுங்கிவிட்டது, வெறுங்கால். பாதி வழியில் கண்ணைத் திறந்த அம்மா அதைப் பார்த்தாள். "பாத்து நட தாயி, முள்ளு கெடக்கு" என்றாள். அத்தைக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்னால் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வந்து சேர்ந்த பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். யானையைப் பார்த்ததும் கத்தத்தான் போனாளாம். பின்னாலேயே வந்த பிள்ளை சேலையைப் பிடித்து இழுத்து, "அத்தை, உஸ்"ன்னு சொன்னதாம். அத்தைன்னு கூப்பிட அதுக்கு உங்க மாமனா சொல்லிக்குடுத்தான் என்று கேட்டாள். இல்லைம்மா, அது மட்டும் நான்தான் என்றேன். வெள்ளிக்கிழமை அழுதுவிட்டு நேரே லாயத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். கிள்ளுவாள் என்று தொடையை மூடிக்கொண்டேன். கிள்ளவில்லை.

மாமா சேறும் சகதியுமாக வந்து முன்னால் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், யாரிடம் என்று இல்லாமல், "சோறு இருக்கா?" என்று கேட்டாள். மாமா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். டிக்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறாள். முன்னால் இல்லை, பின்னால். பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் வருவோம்.

இனி எழுதுவது அம்மா சொல்லச் சொல்ல. திருச்சுழி பஸ்ஸில் போய், எங்க கோயிலுக்குக் குதிரை செய்கிற பால்சாமி வேளார் வீட்டைக் கேள், யாரும் காட்டுவார்கள். புரவி எடுப்புக்கு முன்னால் குதிரை எல்லாம் சூளையில் வேக வேண்டும், அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் போ, உங்க அண்ணன் சௌடப்பனைத் துணைக்குக் கூட்டிக்கோ. குதிரையில் ஏறின தப்புக்கு அம்மா பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று, மாமா பேரில் ஒன்று. மாமாவுக்கு ஏழு வருசத் தப்பு, ஆனாலும் ஒன்று போதுமாம், இல்லாவிட்டால் வேளாருக்குக் கண்மாய் மண் பத்தாது.

இவ்வளவுதானா என்று கேட்டேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அத்தை பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு எழுது" என்றாள். அது யார் செய்த தப்புக்கு என்று கேட்டேன். "தப்புக்கு இல்ல. எழுதுன்னா எழுது. ஒண்ணு சின்னதா இருக்கட்டும்."

கோயிலில் மாமாவின் காது உடைந்த குதிரை நிற்கிற இடத்தில் ரெண்டு பக்கமும் இடம் விட்டு வைக்கச் சொல்லு. ஒவ்வொரு குதிரைக்கும் வேளார் பேர் கேட்பார். கடைசி ரெண்டில் பெரியதுக்கு வஞ்சிரு என்று நிறுத்திச் சொல்லு. சின்னதுக்குச் சந்தனம் என்று சொல்லு. ஒரே பேரு ரெண்டு தடவை வருதேம்மா, உசிரோட இருக்கிறவுக பேரை எப்படி என்று அவர் கேட்டால், தெரிஞ்சுதான் சொல்றாக என்று மட்டும் சொல்லிவிட்டு வா. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே, அம்மா நேரில் வந்து சொல்லிக்கொள்வாள்.

இது நானாகக் கேட்பது இல்லை, அம்மா ரெண்டு தடவை சொல்லி எழுதச் சொன்னது. சூளை பிரிக்கிற அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கோ, முத்துமணி. எங்க குதிரைக்கு வாலு போனாலும் காது போனாலும் பரவாயில்லை. அந்தச் சின்னதில் மட்டும் ஒரு கீறல் விழாமல் இருக்க உங்க சௌடம்மனையும் கொஞ்சம் வேண்டிக்கொள்.

உன் அன்புத் தோழி,
பிரவீணா